ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்: வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இணைய அருங்காட்சியக, நூலக வழிகாட்டி

பெரிய அருங்காட்சியகங்களும் நூலகங்களும் தங்கள் சேகரிப்பை இணையத்தில் திறந்து வைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் நம் பக்கத்தில் அவற்றைத் திறந்து பார்த்தவர்களிடம் கேட்டால், "பார்த்தேன் சார், நல்லாத்தான் இருந்துது, அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியல" என்கிறார்கள். முகப்புப் பக்கத்தில் அந்த நிறுவனம் பெருமையாக நினைக்கிற பொருள்கள் வரிசையாக வரும். பத்து நிமிடம் பார்க்கலாம். அதற்குமேல் அங்கே நமக்கு வேலை இருக்காது.

அதனால் முகப்பை விட்டுவிடுங்கள். நேராகத் தேடல் பெட்டிக்குப் போய் உங்கள் ஊர்ப் பெயரைப் போடுங்கள். விரிஞ்சிபுரம், திருவலம், மேல்பாடி, வள்ளிமலை, காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, ஆம்பூர், ஆரணி, படவேடு என்று எந்த ஊராக இருந்தாலும் சரி. தெரிந்த கோயில், தெரிந்த ஏரி, தெரிந்த மலை என்றால் படத்தைப் பார்த்ததும் எது சரி, எது தப்பு என்று உங்களுக்கே தெரியும். லண்டனில் உட்கார்ந்து அட்டவணை போட்டவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் மாவட்டக் கணக்கு

இதைச் செய்யாமல் தேடினால் பாதிக்குமேல் கைநழுவிப் போகும். இன்றைய வேலூர் மாவட்டம் 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் பிரிந்த பிறகு மிஞ்சியது. 1989-இல்தான் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அதற்கு முன் எல்லாம் சேர்ந்து வட ஆற்காடு. ஆகவே 1911-க்கும் 1989-க்கும் இடைப்பட்ட எந்தப் புத்தகத்திலும், அட்டவணையிலும் செங்கம் நடுகல்லும் போளூர் திருமலைச் சமணக் கோயிலும் நம் மாவட்டத்துக்குள்தான் இருக்கும்.

இன்னும் பின்னால் போனால் 1911. அந்த வருடம் வரை வட ஆற்காட்டின் தலைநகரம் சித்தூர். சித்தூர் தனி மாவட்டமான பிறகுதான் வேலூர் தலைநகரமானது. அதே சமயத்தில்தான் திருப்பத்தூர் வட்டம் சேலத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. அதனால் வாணியம்பாடி, திருப்பத்தூர்க்காரர்கள் பழைய புத்தகங்களில் சேலம் மாவட்டத்தின் கீழ்தான் தேட வேண்டும். திருத்தணிப் பக்கம் வட ஆற்காட்டில் இருந்து, சித்தூருக்குப் போய், 1960-இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. சென்னை அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற திருவாலங்காட்டு நடராசருக்குப் பழைய குறிப்புகளில் சித்தூர் மாவட்டம் என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அது இந்தக் கணக்குதான்.

ஒரு தாளை எடுத்து உங்கள் ஊருக்கு மூன்று வரி எழுதுங்கள்: இன்றைய மாவட்டம், 1989-க்கு முந்தையது, 1911-க்கு முந்தையது. கூடவே ஆங்கிலத்தில் உங்கள் ஊரை எத்தனை விதமாக எழுதியிருக்கக்கூடும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒற்றை எழுத்தா இரட்டை எழுத்தா, கடைசியில் 'பாடி'யா 'பட்டி'யா என்று ஊருக்கு நாலு எழுத்துக்கூட்டு தேறும். நாலையும் போட்டுப் பார்த்த பிறகுதான் 'இல்லை' என்ற முடிவுக்கு வர வேண்டும்.

தமிழிலேயே தேடக்கூடிய இடங்கள்

ஆங்கிலம் சிரமம் என்பவர்கள் இங்கே தொடங்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017-இல் திறந்த மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களும் இதழ்களும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. தலைப்பையோ ஆசிரியரையோ தமிழில் தட்டினால் போதும். நாட்டுடைமையான நூல்களைத் தயங்காமல் எடுத்துப் படிக்கலாம், பகிரலாம். அதே நிறுவனத்தின் 'தகவலாற்றுப்படை' என்ற தளத்தைப் பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். கோயில், கோட்டை, கல்வெட்டு, நடுகல், சிற்பம், காசு என்று பிரித்து, இடத்தின் விவரத்தோடு தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பள்ளி ஆசிரியர் வகுப்பில் காட்ட வேண்டுமென்றால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இங்கே புதியவர்கள் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மின்னூலகத்தில் பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது பக்கத்தின் படம். படத்துக்குள் இருக்கும் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் விக்கிமூலத்திலும் இருப்பது தட்டச்சு செய்த எழுத்து. அங்கே 'பாலாறு' என்று தேடினால் அந்தச் சொல் வரும் வரியிலேயே போய் நிற்கலாம். முதலில் எழுத்துள்ள இடத்தில் சொல்லைத் தேடுங்கள். நூல் எது என்று தெரிந்த பிறகு படமுள்ள இடத்தில் பழைய பதிப்பைத் திறந்து சரிபாருங்கள்.

சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அட்டவணையையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் வீட்டிலிருந்து படிக்க முடியாது. ஆனால் ஒரு பழைய நூல் உலகத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அந்த அட்டவணை நம்பகமானது. இந்தியத் தேசிய மின்னூலகம் கரக்பூர் ஐஐடி நடத்துவது. பாடப்புத்தகம், தேர்வுத் தயாரிப்புக்கு அது நல்லது. ஊர் வரலாற்றுக்கு அங்கே அதிக நேரம் செலவிட வேண்டாம்.

மூன்று பழைய புத்தகங்கள்

இன்டர்நெட் ஆர்கைவ் என்ற தளத்தைத் திறந்துகொள்ளுங்கள். இந்திய மின்னூலகத் திட்டத்தில் ஸ்கேன் செய்த லட்சக்கணக்கான புத்தகங்கள் இப்போது அங்கேதான் இருக்கின்றன. தலைப்புகள் கண்டபடி எழுத்துக்கூட்டப்பட்டிருக்கும், ஆசிரியர் பெயர் மாறியிருக்கும், வருடம் தப்பாக இருக்கும். அதைப் பார்த்து ஒதுக்காமல் முதல் நாலைந்து பக்கங்களைத் திறந்து நீங்களே உறுதி செய்யுங்கள். தேடல் பெட்டிக்குக் கீழே, நூல் விவரங்களில் தேடவா, நூலுக்குள்ளே இருக்கும் எழுத்தில் தேடவா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊர் பற்றி எங்கோ ஒரு மூலையில் இருக்கும் ஒற்றை வரிகூட அகப்படும்.

வட ஆற்காட்டுக்காரர்கள் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டிய நூல்கள் மூன்று. முதலாவது, ஆர்தர் காக்ஸ் 1881-இல் எழுதி, ஹெரால்ட் ஸ்டூவர்ட் 1895-இல் திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேடு. நிலம், சாதி, தொழில், வரி, பஞ்சம், ஊர்கள் எல்லாம் அதில் உண்டு. கலெக்டர் கச்சேரியின் கண்ணால் பார்த்து எழுதியது என்பதை மறக்காமல் படியுங்கள், குறிப்பாகச் சாதிகளைப் பற்றி எழுதிய பக்கங்களை. திருப்பத்தூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இதற்குப் பதிலாக லெ ஃபானு 1883-இல் வெளியிட்ட சேலம் கையேடு.

இரண்டாவது, ராபர்ட் சுவெல் 1882-இல் வெளியிட்ட சென்னை மாகாணத் தொல்பொருள் பட்டியலின் முதல் தொகுதி. வட்டம் வட்டமாக, ஊர் ஊராக, இங்கே கோயில், இங்கே கல்வெட்டு, இங்கே பழைய கோட்டை என்று சுருக்கமாகச் சொல்லிக்கொண்டே போகும். உங்கள் ஊர் அதில் இருந்தால் அன்று என்ன கண்ணில் பட்டது என்று தெரியும். இன்று அது இருக்கிறதா என்று மாலையில் சைக்கிளில் போய்ப் பார்த்துவிடலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி. ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் பதிப்பித்து 1890-இல் வந்தது. மாமல்லபுரம், காஞ்சிபுரத்தோடு வட ஆற்காடு மாவட்டத்தின் பெயரும் அதன் தலைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. 1886, 87-இல் படியெடுத்த கல்வெட்டுகள். தமிழ்க் கல்வெட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே அச்சடித்து, கீழே ஆங்கில மொழிபெயர்ப்பும் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் வந்த தொகுதிகள் பலவற்றில் மொழிபெயர்ப்பு இருக்காது. ஆகவே கல்வெட்டு படிக்கப் பழகுகிறவர்களுக்கு இது கிடைத்தற்கரியது.

இதில் விரிஞ்சிபுரம் கோயில் கல்வெட்டு ஒன்றைத் தேடி எடுங்கள். சக ஆண்டு 1347, அதாவது 1425-26. விஜயநகரத்து இரண்டாம் தேவராயர் காலம். படைவீட்டு (இன்றைய படவேடு) ராஜ்ஜியத்துப் பிராமணர்கள் கன்னடிகர், தமிழர், தெலுங்கர் என்று எல்லாப் பிரிவினரும் கூடி ஓர் உடன்படிக்கை எழுதுகிறார்கள். இன்றுமுதல் கல்யாணங்களைக் கன்னிகாதானமாகவே செய்வது, பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவனும் பொன் கொடுத்துப் பெண் எடுப்பவனும் அரச தண்டனைக்கு ஆளாவதோடு பிராமண்யத்துக்கும் புறம்பாவார்கள் என்பது அதன் சாரம். கீழே கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பஸ்ஸில் நம் ஊரிலிருந்து அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய கோயிலின் சுவரில், கல்யாணத்துக்குப் பொன் பேசக் கூடாது என்று 600 வருடத்துக்கு முன் எழுதியிருக்கிறது. தமிழ்ப் பகுதியை வாய்விட்டுப் படியுங்கள். கல்வெட்டுத் தமிழில் சந்தி வேறு மாதிரி இருக்கும், கிரந்த எழுத்து இடையிடையே வரும். நாலு தடவை படித்தால் பழகிவிடும்.

படங்கள்

கட்டடம், சிற்பங்களின் ஒளிப்படத்துக்கு இந்தியவியல் ஆய்வுக்கான அமெரிக்க நிறுவனத்தின் படக் காப்பகம்தான் முதலிடம். ஊர்ப் பெயரைப் போட்டால் தூண், போதிகை, விமானம் என்று பகுதி பகுதியாக எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் வரும். வெள்ளையடிப்பதற்கு முன், திருப்பணிக்கு முன் கோயில் எப்படி இருந்தது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மேல்பாடி சோழேச்சரத்தைத் தேடிப் பாருங்கள். முதலாம் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக எடுப்பித்த பள்ளிப்படை, அதாவது இறந்த அரசரின் நினைவுக் கோயில் அது. நேரில் போகும்போது எந்த மூலையில் நின்று பார்க்க வேண்டும் என்று படங்களே சொல்லிக்கொடுக்கும்.

குடும்பப் படங்களில் ஆர்வமுள்ளவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணங்கள் திட்டத்துக்குள் போய்த் தமிழ்நாட்டு ஸ்டுடியோ ஒளிப்படங்களைத் தேடலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் சேகரித்தது. நாற்காலியில் கை வைத்து நிற்கும் மாப்பிள்ளை, திரைச்சீலையில் வரைந்த மாளிகை என்று நம் பாட்டி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அதே படங்கள்.

பிரிட்டிஷ் நூலகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலுக்குப் பிறகு அதன் பழைய இணைப்புகள் பல வேலை செய்யவில்லை. கட்டுரைகளில் பார்க்கும் இணைப்பு திறக்காவிட்டால் அந்த முகவரியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒட்டிப் பாருங்கள். பழைய பக்கம் சில நேரம் அங்கே கிடைக்கும்.

இந்திய அரசின் 'மியூசியம்ஸ் ஆஃப் இந்தியா' தளத்தில் டெல்லி தேசிய அருங்காட்சியகம், கல்கத்தா இந்தியன் மியூசியம், ஐதராபாத் சாலார் ஜங் போன்ற மத்திய அருங்காட்சியகங்கள்தான் முக்கியமாக இருக்கின்றன. நம் ஊர்ப் பெயரைப் போட்டு ஒன்றும் வராவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். 'இந்தியன் கல்ச்சர்' என்ற அரசுத் தளம் அரிய நூல்களுக்கும் ஆவணங்களுக்கும் பயன்படும். பிள்ளைகளுக்கு என்றால் கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சரில் தேசிய அருங்காட்சியகத்துக்குள் நடந்து பார்க்கும் வசதி இருக்கிறது, விடுமுறையில் ஒரு மதியம் போகும்.

காவேரிப்பாக்கத்து யோகினிகள்

இப்போது கடல் கடந்த தளங்களுக்கு வருவோம். ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டே போனால் முறை தானாக விளங்கிவிடும்.

யோகினி என்பது ஒருவகைப் பெண் தெய்வம். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த யோகினிச் சிற்பத் தொகுதி ஒன்று காஞ்சிபுரம், காவேரிப்பாக்கம் வட்டாரத்தில் இருந்தது. பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அவற்றில் பலவற்றை 1926-இல் பாரிஸ் கலைப்பொருள் வணிகர் சி. டி. லூவுக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போனது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், பாரிஸில் கிமே, வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆசியக் கலை அருங்காட்சியகம், டொரண்டோவில் ராயல் ஒன்டாரியோ, அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி, மினியாபொலிஸ், டெட்ராய்ட். ஒரே கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்று மூன்று நாடுகளுக்குமேல் சிதறிக் கிடக்கிறார்கள். நேரில் ஒன்றாகப் பார்க்க யாராலும் முடியாது. உங்கள் கணினியில் முடியும்.

செய்யும் முறை இதுதான். ஒவ்வொரு அருங்காட்சியகத்தின் சேகரிப்புத் தேடல் பக்கத்தையும் தனித்தனி டேபில் திறந்துகொள்ளுங்கள். 'யோகினி' என்பதோடு 'தமிழ்நாடு' சேர்த்து ஆங்கிலத்தில் தேடுங்கள். வராவிட்டால் 'காஞ்சிபுரம்', அதுவும் வராவிட்டால் வெறும் 'தேவி'. சில இடங்களில் அட்டவணை போட்டவர் யோகினி என்று சொல்லாமல் தேவி என்று மட்டும் எழுதியிருப்பார். கிடைத்ததும் படத்தைப் பெரிதாக்கி, முகம், கோரைப்பல், காதணி, கையிலிருக்கும் ஆயுதம், பீடத்தின் அடிப்பகுதி என்று வரிசையாகப் பாருங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிப் பார்க்கும்போது அதே பட்டறையின் கை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

படத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கீழே போனால் பொருளின் விவரக்குறிப்பு இருக்கும். அதில் முக்கியமானது இரண்டு. ஒன்று பதிவு எண். இன்னொன்று அந்தப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற உடைமை வரலாறு. எந்த வருடம், யாரிடம், எங்கே விற்றார்கள் என்று அங்கே பாருங்கள். எந்த இடத்தில் கணக்கு விட்டுப்போகிறது என்பதும் அங்கேதான் தெரியும்.

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் 'திப்புவின் புலி'யை எடுத்தும் இதே பயிற்சியைச் செய்யலாம். பதிவு எண் 2545 (ஐஎஸ்). வெள்ளைக்காரன் மேல் பாயும் மரப்புலி, வயிற்றுக்குள் குழல் வாத்தியம். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து எடுத்துப் போனது. அதே வருடம் தோற்ற திப்புவின் பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்தது நம் வேலூர்க் கோட்டையில். புலி லண்டனுக்கு, குடும்பம் வேலூருக்கு. 1806 ஜூலை 10 விடியற்காலைப் புரட்சிக்குப் பிறகு அந்தக் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்தப் புரட்சி பற்றிய அரசுத் தாள்களைத் தேடுபவர்கள் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் பதிவு செய்துகொண்டு உள்ளே போக வேண்டும். 'வேலூர்' என்று மட்டும் போட்டால் ஆயிரம் விஷயம் வரும். 'மைசூர் இளவரசர்கள்' என்பதையும் ஆண்டு வரம்பையும் சேர்த்துப் போடுங்கள். அன்றைய கையெழுத்து ஆங்கிலம் படிக்கக் கடினம். முதலில் தேதியையும் அனுப்புநர் பெயரையும் மட்டும் படித்துப் பழகுங்கள், மற்றது மெல்ல வரும்.

குறித்து வைப்பது, எடுத்துப் பயன்படுத்துவது

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு பொருளுக்கும் நிறுவனத்தின் பெயர், பதிவு எண், அவர்கள் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர், நீங்கள் பார்த்த தேதி. இணைப்பை மட்டும் வாட்ஸப்பில் தனக்குத் தானே அனுப்பி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தளத்தை மாற்றியமைத்தால் இணைப்பு செத்துவிடும், பதிவு எண் சாகாது.

பயன்படுத்தும் உரிமை இடத்துக்கு இடம் மாறும். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் 'ஓப்பன் ஆக்சஸ்' என்று குறித்த படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், புத்தக அட்டைக்குக்கூட. பிரிட்டிஷ் மியூசியம் படங்களைப் பெயர் சொல்லி, வியாபார நோக்கமில்லாமல் பயன்படுத்தலாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் வரை நூலுக்குக் காப்புரிமை. ஆகவே மேலே சொன்ன 19-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களைக் கோயில் மலருக்கோ பள்ளி ஆண்டு மலருக்கோ தாராளமாக எடுத்தாளலாம். எடுத்த இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

போனில் எல்லாம் செய்யலாம். ஆனால் கல்வெட்டுப் பக்கமும் கையெழுத்துத் தாளும் போன் திரையில் கண்ணைக் கெடுக்கும். பெரிய திரையில் பாருங்கள். பிடிஎஃப் சில நேரம் நூற்றுக்கணக்கான எம்பி வரும். டேட்டா பார்த்து இறக்குங்கள்.

திருத்தம் எழுதி அனுப்புங்கள்

பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் பொருளின் பக்கத்துக்குக் கீழேயே கருத்து அனுப்ப ஒரு இணைப்பு இருக்கும். இல்லாவிட்டால் தொடர்புப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி கிடைக்கும். ஊர்ப் பெயர் தப்பாக இருந்தாலோ, மாவட்டம் மாறியிருந்தாலோ, கோயில் பெயரை மாற்றி எழுதியிருந்தாலோ தெரியப்படுத்துங்கள். நீளமாக எழுத வேண்டியதில்லை. பதிவு எண், அவர்கள் எழுதியிருப்பது, சரியானது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நாலு வரி போதும். ஆங்கிலம் வராவிட்டால் கல்லூரியில் படிக்கும் தங்கச்சியையோ பக்கத்து வீட்டுத் தம்பியையோ கூட வைத்துக்கொண்டு எழுதுங்கள். முடிந்தால் அந்த இடத்தில் இன்று நீங்களே எடுத்த படம் ஒன்றையும், கோயில் இருக்கும் தெருவின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். அனுப்பிய தேதியை நோட்டில் அந்தப் பதிவு எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.